ஃபயர் வண்டி வருவதற்கு முந்தின இருபது நிமிஷம்: குமரி மாவட்டத்தில் ரசாயன விபத்துப் பயிற்சி – யோசனை சொல்லுங்கள்

குளச்சல்_கரை | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பதினான்கு வருஷம் வளைகுடாவில் ஒரு எரிவாயு ஆலையின் தீயணைப்பு மீட்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் ஊருக்கு வந்தேன். ரசாயன விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடு என்று ஊர் கமிட்டியும் சர்ச் பங்குப்பேரவையும் கேட்டிருக்கின்றன. சமூகக்கூடம் இரண்டு நாளைக்குத் தருகிறார்கள். முப்பது பேர் வருவார்கள். 108 ஊழியர்கள், நம் பக்கத்து நிலையத்திலிருந்து சில தீயணைப்பு வீரர்கள், ஐஸ் பிளான்ட் ஆட்கள், துறைமுகத்துப் பையன்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இரண்டு போலீஸ்காரர்கள்.

"நம்ம மாவட்டத்தில் பெரிய ஃபேக்டரியே இல்லையே, இதெல்லாம் எதற்கு" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரை ஓரமாக ஒரு தடவை நடந்து பாருங்கள். மீன் இறங்கும் இடம் எல்லாம் ஐஸ் பிளான்ட் இருக்கிறது, அதற்குள் குளிரூட்ட ஓடுவது அமோனியா. மேற்கே தோட்டப் பக்கம் போனால் ரப்பர் பால் கெடாமல் இருக்க அதே அமோனியா, ஷீட் போட ஃபார்மிக் ஆசிட். குடிநீர் சுத்திகரிக்கிற இடத்தில் குளோரின். களியக்காவிளையில் நுழைந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக வரும் கேஸ் டேங்கர் ஒவ்வொன்றிலும் பதினேழு பதினெட்டு டன் எல்.பி.ஜி. இருக்கும். ரசாயனம் நம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறது.

2009-ம் வருஷத்தின் கடைசி நாள் விடியற்காலையில் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்ததும், 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் நடந்ததும் கேஸ் டேங்கர் விபத்துகள்தான். சாலாவில் டேங்கர் நடுத்திட்டில் மோதிக் கவிழ்ந்து, கசிந்த கேஸ் பற்றி, சாலையின் இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்து இருபது பேர் இறந்தார்கள். கருநாகப்பள்ளி சாலையும் நம் சாலையும் ஒரே நெடுஞ்சாலை.

பல நாடுகளில் தீயணைப்புக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அவசரகால வழிகாட்டிப் புத்தகம் ஒன்று உண்டு. எல்.பி.ஜி. டேங்கர் தீக்குள் மாட்டிக்கொண்டால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் ஆளை விலக்கச் சொல்கிறது அது. அந்த வட்டம் எட்டுச் சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 1,111 பேர். அதாவது வட்டத்துக்குள் கிட்டத்தட்ட 9,000 பேர். அதுவும் மாவட்டச் சராசரிதான். மார்த்தாண்டம் சந்தைப் பக்கமோ மணவாளக்குறிச்சிக் கடலோரமோ என்றால் கணக்கே வேறு.

நான் வலியுறுத்த நினைப்பது ஒன்றுதான். சம்பவ இடத்துக்கு முதலில் வருகிறவர் சீருடைக்காரர் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ அண்ணன், மகனைத் தேடி ஓடிவரும் அம்மா. வண்டி வரும்வரைக்கும் உள்ள இருபது நிமிஷத்தில் உதவி செய்ய ஓடினவர்களே அடுத்த நோயாளிகள் ஆகிறார்கள். அதனால் உள்ளே போவதை நான் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, நின்று பார்ப்பதைக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். அமெரிக்க விதிகளில் இதைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படி அடையாளம் கண்டு தள்ளி நின்று தகவல் சொல்வது. இரண்டாம் படி தூரத்திலிருந்து பரவாமல் தடுப்பது, அதற்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி. கசிவை அடைக்க உள்ளே போகும் மூன்றாம் படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். நம் இரண்டு நாளில் எல்லாருக்கும் முதல் படி, தீயணைப்பு ஆட்களுக்கும் 108 ஆட்களுக்கும் இரண்டாம் படியில் கொஞ்சம். அவ்வளவுதான் நேர்மையாகச் செய்ய முடியும்.

எங்கே தப்பாகப் போகும், எதை விட்டுவிட்டேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_நூற்றியொன்று | ஞாயிறு, இரவு 10:40

தம்பி, நல்ல காரியம். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன், அதிலிருந்து தொடங்கு.

ஒரு சரிவான சாலையில் ஆசிட் டேங்கர் கசிகிறது என்று கால் வந்தது. புறப்பட்டோம். எந்த ஆசிட் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியைக் கொண்டுபோய்ச் சரிவின் கீழ்ப்பக்கம் நிறுத்தினோம், ஏனென்றால் அந்தப் பக்கமாகத்தான் வந்தோம். இறங்கியதும் ஹோஸை விரித்தோம், ஏனென்றால் முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறோம். ஆசிட் ஓடி வந்து எங்கள் வண்டிச் சக்கரத்தை நனைத்தது. தோல் பூட்ஸ் போட்டிருந்த பையன் ஒருவனுக்கு இரண்டு பாதமும் வெந்துவிட்டது. டேங்கரின் பின்னால் ஆரஞ்சு நிறப் போர்டு இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, படிக்கும் பழக்கம் இல்லை.

ஆகவே முதல் மணி நேரம் முழுக்கப் போர்டைப் படிக்கச் சொல்லிக்கொடு. நான்கு இலக்க எண், வண்டிக்குள் இருப்பது என்ன பொருள் என்று சொல்லும். பெட்ரோல் 1203, டீசல் 1202, எல்.பி.ஜி. 1075, அமோனியா 1005, குளோரின் 1017, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1789, சல்ஃப்யூரிக் 1830. இந்த ஏழும் மனப்பாடம் ஆனால் நம் சாலையில் ஓடுவதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

மேலே உள்ள குறியீடு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். பெட்ரோல் வண்டியில் 3ஒய்ஈ (3YE) என்று இருக்கும். 1 என்றால் பெருந்துளித் தண்ணீர், 2 என்றால் நுண்துளி, 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படக்கூடாது, உலர்ந்த பொருள்தான். நடு எழுத்து எந்தக் கவசம் வேண்டும், கொட்டியதைத் தண்ணீரால் நீர்க்கச் செய்து கழுவிவிடலாமா, ஓடையில் கலக்காமல் தடுத்து நிறுத்த வேண்டுமா என்று சொல்லும். கடைசியில் ஈ இருந்தால் ஊரைக் காலி செய்வதைப் பற்றி யோசி என்று அர்த்தம். எங்கள் ஆசிட் வண்டியில் 2ஆர் (2R) என்று இருந்தது. முழு உடல் கவசம் போடு, நுண்துளியால் நீர்க்கச் செய் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் சட்டையோடு போய் நின்றோம்.

அப்புறம் மூச்சுக்கருவிக் கணக்கு. ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு நாற்பது லிட்டர் என்று காகிதத்தில் வகுத்து 45 நிமிஷம் என்பார்கள். பயத்தோடும் வேகத்தோடும் வேலை செய்கிறவன் அறுபது லிட்டர் இழுப்பான். முப்பது நிமிஷம் ஆயிற்று. காற்று குறைந்துவிட்டது என்று கருவி விசில் ஊதுவதற்குள் வெளியே வந்து, உடம்பைக் கழுவி முடிக்கும் வரையும் அந்தக் காற்றுதான் வேண்டும். உள்ளே வேலைக்குக் கிடைப்பது பத்து நிமிஷமோ பன்னிரண்டு நிமிஷமோதான். இந்தக் கணக்கை ஒவ்வொருவனும் தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐஸ்_பார் | திங்கள், காலை 6:05

அண்ணாச்சி சொன்னதைப் படித்து இரவெல்லாம் தூக்கம் இல்லை. நான் ஐஸ் பிளான்டில் ஆபரேட்டர். எங்கள் ஆட்களில் பலருக்கு அமோனியா என்றால் மூக்கில் ஏறும் வாசனை, அவ்வளவுதான். லேசாகக் கசிந்தால் கந்தகத் திரியைப் பற்ற வைத்துக் குழாய் ஓரமாகக் காட்டுவோம், வெள்ளைப் புகை எழும்பும் இடத்தில் கசிவு. அது தினசரி வேலை.

மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு பிளான்டில் நான் இருந்தபோது இரவு ஒரு மணிக்கு கம்ப்ரஸர் பக்கம் கசிவை அடைத்திருக்கும் பேக்கிங் போய்விட்டது. என்னோடு இருந்தவர் ஈரத் துவர்த்தை (துண்டை) மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். மூக்குக்குத் துவர்த்து கட்டினார், கண்ணுக்கு என்ன கட்டினார்? தடவிக்கொண்டே வெளியே வந்தார், கண் திறக்க முடியவில்லை. யாரோ டாக்டரிடம் ஓடு என்றார்கள். நான் குழாயடியில் உட்கார வைத்து இமையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். இருபது நிமிஷம் ஊற்றினேன். ஒரு கண் தப்பியது, இன்னொன்றில் இப்போதும் மங்கல்தான். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாண வீட்டில் சுண்ணாம்பு கண்ணில் பட்ட பிள்ளைக்கு என் அம்மை செய்ததைப் பார்த்திருக்கிறேன், அதுதான்.

எங்களுக்கு என்று தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். எந்த வால்வை வெளியில் இருந்தே மூடலாம், எதை மூட உள்ளே போகக்கூடாது என்று.

குளச்சல்_கரை | திங்கள், காலை 7:30

அண்ணே, நீங்கள் செய்ததுதான் சரியான முதலுதவி. டாக்டரிடம் ஓடுவதற்கு முன் தண்ணீர். குறைந்தது பதினைந்து நிமிஷம், இமையைப் பிரித்துப் பிடித்து. இதை உங்கள் வாயால் அங்கே சொல்ல வேண்டும், நான் சொன்னால் பாடம் மாதிரி இருக்கும்.

ஈரத் துவர்த்து பற்றி: அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஓடித் தப்பிக்கிற ஒரு நிமிஷத்துக்கு அது கொஞ்சம் உதவும். உள்ளே போவதற்கான கவசம் அது இல்லை. 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவுக்கு மேல் உள்ள காற்றில் மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் நிற்கவே கூடாது. வெளியே வருகிற ஆளுக்குத் துவர்த்து, உள்ளே போகிற ஆளுக்கு இல்லை.

இன்னொன்று. அமோனியா காற்றை விட லேசு, மேலே போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் திரவமாக, மைனஸ் 33 டிகிரி குளிரில் வெளியேறும்போது ஈரக் காற்றோடு சேர்ந்து வெள்ளை மூட்டமாகத் தரையோடு தவழும். நம் கடற்கரை ஈரத்தில் அது இன்னும் எளிது. அந்த மூட்டத்தின் மேல் நுண்துளித் தண்ணீர் அடிக்கலாம், அது வாயுவைக் கரைத்து இழுக்கும். தரையில் குளமாகக் கிடக்கும் திரவ அமோனியா மேல் மட்டும் அடிக்காதீர்கள். தண்ணீரின் சூட்டில் அது கொதித்து இன்னும் வேகமாகக் கிளம்பும்.

குளோரின் இதற்கு நேர் எதிர். காற்றை விட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தைத் தேடிப் போகும். கசியும் குளோரின் சிலிண்டரில் தண்ணீர் பட்டால் ஆசிட் உண்டாகி ஓட்டையே பெரிதாகும். கசிவு மேல்பக்கம் வரும்படி சிலிண்டரைத் திருப்பினால் திரவத்துக்குப் பதில் வாயுதான் வரும், கசிவின் அளவு பெருமளவு குறையும். ஆனால் அது மூன்றாம் படி ஆட்களின் வேலை.

கட்டிடம்_பொறியியல் | திங்கள், பகல் 12:20

நல்ல எண்ணம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, அரைகுறையாகத் தெரிந்தவன் ஒன்றுமே தெரியாதவனை விட ஆபத்தானவன். பயிற்சிக்குப் போனேன் என்ற தைரியத்தில் அவன்தான் முதலில் உள்ளே போவான். இரண்டு, வாயு அளக்கும் கருவி, கவச உடை, மூச்சுக்கருவி இதெல்லாம் இல்லாமல் பேசி என்ன பயன்? முதலில் கருவிக்குப் பணம் திரட்டுவோம், பிறகு பயிற்சி.

பழைய_நூற்றியொன்று | திங்கள், பகல் 1:05

முதல் தயக்கம் ரொம்பச் சரி. அதனால்தான் பயிற்சியின் கடைசியில் ஒவ்வொருவரும் "நான் செய்யக்கூடாதவை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கருவி வந்த பெட்டியோடு தூங்குவதைக் கண்ணால் பார்த்தவன் நான். முழு மூடிய கவச உடையை நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் நின்று பார், தம்பி. போடும் முன்னும் கழற்றிய பின்னும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க ஆள் வேண்டும், மயங்கி விழுந்தால் இழுத்துவர இன்னொரு ஜோடி அதே உடையில் தயாராக நிற்க வேண்டும். ஒரு ஆளை உள்ளே அனுப்ப வெளியே ஆறு பேர். அந்த ஆறு பேரின் பழக்கம் பணத்தில் வராது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவும் போர்டைப் படிக்கவும் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்கவும் ஒரு ரூபாய் செலவு இல்லை.

108_ஊழியர் | திங்கள், இரவு 11:48

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. நான் 108-ல் இ.எம்.டி., அதாவது வண்டியில் அவசர சிகிச்சை தருகிறவள். எங்கள் வண்டிக்குள் நடப்பதை யாரும் யோசிப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வாழைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர், உடம்பெல்லாம் நனைந்து மயங்கிக் கிடந்தார். ஏற்றினோம், கதவை மூடினோம், ஏ.சி. போட்டோம். பத்து நிமிஷத்தில் எனக்குத் தலைவலி, கண்ணில் நீர், வண்டி ஓட்டும் பைலட் அண்ணனுக்கு வாந்தி. அவர் சட்டையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் கழுவி ஏற்றியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அவருக்கும் தோல் வழியாக விஷம் ஏறுவது நின்றிருக்கும். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது அங்கேயும் அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள். துணியைக் கழற்றினாலே பெரும்பகுதி போய்விடும் என்று பிறகுதான் படித்தேன்.

ஆனால் பெண்களை எப்படி? சாலையோரத்தில் துணியைக் கழற்று என்று எந்தப் பெண்ணிடம் சொல்வது? இதற்கு வழி யோசிக்காமல் நடத்தும் பயிற்சி எங்கள் ஊரில் வேலைக்கு ஆகாது. என் யோசனை இது. இரண்டு தார்ப்பாய், நான்கு கம்பு, பத்து பழைய நைட்டி, பத்து லுங்கி. இதை ஒரு சாக்கில் கட்டி ஒவ்வொரு ஐஸ் பிளான்டிலும் வார்டு கவுன்சிலர் வீட்டிலும் வைத்துவிடலாம். பெண்களைக் கழுவப் பெண்களே. கேரளத்தில் பெண்கள் நடத்தும் குடும்பஸ்ரீ மாதிரி நம் சுய உதவிக் குழு அக்காமார் முப்பது பேரில் பாதியாவது இருக்க வேண்டும். குளச்சல் அண்ணன் பட்டியலில் ஒரு பெண்ணையும் காணவில்லையே.

குளச்சல்_கரை | செவ்வாய், காலை 6:15

தங்கச்சி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, பட்டியலை நேற்று இரவே மாற்றிவிட்டேன். முப்பது பேரில் பதினான்கு இடம் பெண்களுக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாரும் ஆண்கள், அந்தப் பழக்கத்தில் யோசித்துவிட்டேன். மன்னிக்கவும்.

கழுவும் பயிற்சிக்கு மஞ்சள்பொடி உபயோகிக்கலாம் என்று இருக்கிறேன். "அடிபட்டவர்" உடம்பில் மஞ்சள் தடவிவிடுவோம். மீட்டு, ஏற்றி, இறக்கி எல்லாம் முடித்தபின் மஞ்சள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேடுவோம். ஸ்டிரெச்சர் பிடி, ஸ்டியரிங், செல்போன், தண்ணீர் குடித்த பாட்டில். கண்ணால் பார்த்தால் பிறகு மறக்க மாட்டார்கள்.

கனமான வாயு பள்ளத்துக்குப் போவதைக் காட்ட ஆப்பச்சோடாவும் வினிகரும் போதும். படிக்கட்டு மாதிரி மூன்று உயரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜாடியில் பொங்கும் வாயுவை மட்டும் சரித்து ஊற்றினால் கீழ்ப்படி மெழுகுவர்த்தி முதலில் அணையும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, தீ மட்டும் அணையும். நம் பக்கம் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கவிழ்ந்த டேங்கரில் இருந்து எல்.பி.ஜி. போவதும் அந்த வீடுகளுக்குத்தான். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் வாயு ஆகும், காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றும்.

டேங்கர்_வளையம் | செவ்வாய், பகல் 3:30

மங்களூரில் லோடு ஏற்றக் காத்திருக்கிறேன். இருபது வருஷமாக டேங்கர் ஓட்டுகிறேன், சொந்த ஊர் குழித்துறை பக்கம்.

அபாயப் பொருள் ஓட்ட எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கட்டாயம், லைசென்ஸில் பதிவு வேண்டும், அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்பப் படிக்க வேண்டும். கேபினில் டிரெம் கார்டு இருக்கும். என்ன பொருள், தீப்பிடித்தால் என்ன, கண்ணில் பட்டால் என்ன, யாரை அழைக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. விபத்து நடந்ததும் கூட்டம் முதலில் செய்வது டிரைவரை அடிப்பது. அடிக்குப் பயந்து அவன் ஓடிவிடுகிறான். அந்த வண்டியில் எந்த வால்வு எங்கே இருக்கிறது, உள்ளே எத்தனை டன் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். தயவுசெய்து பயிற்சியில் இதைச் சொல்லுங்கள். டிரைவரைக் காப்பாற்றி, காற்றுக்கு மேல்பக்கமாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துக் கேளுங்கள், எல்லாம் சொல்லுவான்.

இன்னொன்று, டேங்கர் கவிழ்ந்த இடத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். கையில் செல்போன் விளக்கோடு வேடிக்கை பார்க்க வராதீர்கள். வீட்டில் அடுப்பு எரிந்தால் அணையுங்கள். மின்சாரத்தை வீட்டுக்குள் சுவிட்சில் நிறுத்தாதீர்கள், அந்தப் பொறியே போதும். மின்வாரியத்துக்குச் சொல்லி ஏரியாவையே நிறுத்தச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101, எதுவும் ஞாபகம் இல்லாவிட்டால் 112.

முட்டம்_வள்ளம் | செவ்வாய், இரவு 8:20

கடல் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னரோடு மூழ்கியது. விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன கப்பல். 13 கண்டெய்னரில் அபாயப் பொருள், அதில் 12-ல் கால்சியம் கார்பைடு. கண்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழை கரையில் ஒதுங்கின. நம் கரைக்குப் பிளாஸ்டிக் குருணை வந்தது, நம் பிள்ளைகள் வெறுங்கையால் அள்ளினார்கள். குருணை என்பதால் பிழைத்தோம். கார்பைடு டிரம் ஒன்று ஒதுங்கியிருந்தால்?

மாம்பழம் பழுக்க வைக்கும் கல் என்றுதான் கார்பைடை நமக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் கிளம்பும், வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயு. கடலில் மிதந்து வந்த டிரம்மை ஒருவன் இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தால் என்ன ஆகும்? விழிஞ்ஞம் துறைமுகம் நம் பக்கத்து வீடு மாதிரி, இனி கப்பல் கூடத்தான் செய்யும். கரையில் புதிதாக எது ஒதுங்கினாலும் தொடாதே, திறக்காதே, படம் எடுத்து 1077-க்குச் சொல் என்று கடலோர ஊர் எல்லாவற்றிலும் சொல்ல வேண்டும்.

அப்புறம் படகின் அடியில் மீன் போடும் அறை. பல நாள் கடலில் கிடந்து வந்த படகில், ஐஸ் கரைந்து மீன் அழுகிய தண்ணீர் தேங்கியிருக்கும். கழுவ இறங்கினவன் விழுவான், தூக்க இறங்கின தம்பி அவன் மேல் விழுவான், அவனைத் தூக்க மூன்றாவது ஆள். என் சொந்தத்தில் இரண்டு பேரை இப்படி இழந்தோம். அழுகல் நாற்றம் முதலில் வரும், பிறகு நின்றுவிடும். போய்விட்டது என்று நினைத்து இறங்குவோம். உண்மையில் மூக்குதான் மரத்துப்போயிருக்கும்.

பழைய_நூற்றியொன்று | செவ்வாய், இரவு 9:02

மக்கா, படித்துக் கை நடுங்குகிறது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு. கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நாங்கள் எடுத்த உடல்களில் பாதி, காப்பாற்ற இறங்கினவர்களுடையது. மூடியைத் திறந்து காற்று ஊதி, இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே இழுக்க இரண்டு பேர். கயிறு இல்லாமல் அண்ணனுக்காகக் கூட இறங்காதே. இதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்கு, தம்பி.

நைட்_டியூட்டி_சிஸ்டர் | புதன், அதிகாலை 4:10

வார்டில் இருந்து எழுதுகிறேன். குளோரினோ அமோனியாவோ மூச்சில் ஏறியவர் ஒரு மணி நேரத்தில் நன்றாகிவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்பார். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அனுப்பிவிட்டால் இரவில் மூச்சு முட்டித் திரும்பி வருவார், அல்லது வரமாட்டார். கிளம்ப விடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், நடக்கவும் ஓடவும் விடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். பொருளின் பெயரையோ அந்த நான்கு இலக்க எண்ணையோ யாராவது நோயாளியோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். "ஏதோ கேஸ்" என்று மட்டும் சொன்னால் நாங்கள் இருட்டில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டிடம்_பொறியியல் | புதன், காலை 9:45

எல்லாம் படித்தபின் என் இரண்டாவது தயக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தார்ப்பாய் சாக்கு பத்துக்கு நான் பணம் தருகிறேன். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தேக்க மணல் மூட்டையும் தோண்டிய குழியும் எங்கே வைப்பது என்று ஒவ்வொரு பிளான்டுக்கும் வரைபடம் போட்டுத் தருகிறேன்.

எச்சரிக்கை எப்படிச் சொல்வது என்று யோசித்தீர்களா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து ரோட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று ஊருக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

குளச்சல்_கரை | புதன், இரவு 8:50

மைக் இருக்கிறது. சர்ச், கோவில், பள்ளிவாசல் எல்லாவற்றிலும். மூன்று இடத்துப் பொறுப்பாளர்களிடமும் இன்று பேசினேன், மூன்று பேரும் சரி என்றார்கள். அறிவிப்பை இப்போதே எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிவிடுவோம், பதற்றத்தில் யோசிக்க முடியாது. "காற்று வரும் திசைக்குக் குறுக்கே நடங்கள். நடக்க முடியாதவர்கள் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைத்து, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையில் இருங்கள்." ஓட்டு வீடுகளில் கூரை இடுக்கு நிறைய, ஆகவே அவர்களைப் பக்கத்து கான்கிரீட் வீட்டுக்கு யார் கூட்டிப்போவது என்று வீடு வீடாகப் பெயர் எழுத வேண்டும்.

ஓடும் திசைதான் கஷ்டம். பகலில் கடல்காற்று வாயுவை ஊருக்குள் தள்ளும், இரவில் கரைக்காற்று கடலுக்குத் தள்ளும். ஆனி ஆடியில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதனால் இரண்டாம் நாள் ஒத்திகையை நேரம் சொல்லாமல் தொடங்குவேன், நடுவில் காற்று திரும்பிவிட்டது என்பேன். கயிறு கட்டிய இடம், வண்டி நிறுத்திய இடம், கழுவும் இடம் எல்லாவற்றையும் பெயர்த்து மாற்ற வேண்டும். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அண்ணாச்சி கடிகாரம் பிடிப்பார்.

படகு அறைக்கு இரண்டாம் நாள் காலை முழுக்க ஒதுக்கிவிட்டேன். முட்டம் அண்ணே, நீங்கள் வருவீர்களா? பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

முட்டம்_வள்ளம் | புதன், இரவு 9:15

வருகிறேன். பழைய படகு ஒன்று கரையில் ஏற்றி வைத்திருக்கிறது, அதன் அறையிலேயே கயிறு கட்டி இறக்கிப் பழகலாம்.

டேங்கர்_வளையம் | வியாழன், காலை 5:40

சனிக்கிழமை இரவுதான் ஊர் சேருவேன். ஞாயிறு காலை டிரெம் கார்டுகளோடு வருகிறேன். வண்டியில் இருந்து கழற்றிய பழைய போர்டு இரண்டு வீட்டில் கிடக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். தூரத்தில் இருந்து படித்துப் பழக உதவும்.

ஐஸ்_பார் | வியாழன், காலை 6:20

முதலாளியிடம் பேசினேன். பிளான்டின் மேல் கம்பு நட்டு சிவப்புத் துவர்த்து ஒன்று கட்டிவிட்டேன், ரோட்டில் இருந்தே தெரியும். இப்போது கச்சான் காற்று, பள்ளிக்கூடம் பக்கமாக அடிக்கிறது. தலைமை ஆசிரியரையும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடுங்கள்.